திரைக்கு வந்த அரங்கு

நுழையும்முன்

ஓவியம் சுவரில் நிலைக்கும். சிற்பம் கல்லில் நிலைக்கும். ஆடலும் பாடலும் நடிப்பும் நிகழ்ந்த கணத்திலேயே மறைந்துவிடும். மறைவதைப் பிடித்துவைக்கவும், தொலைவில் இருப்போர்க்குக் கொண்டுசேர்க்கவும் மனிதர் மேற்கொண்ட முயற்சி இன்று இணையத்தில் வந்து நிற்கிறது. மேடையில் நிகழ்ந்ததைத் திரையில் காணும்போது கிடைப்பது எது, கைநழுவுவது எது என்பதை இப்பாடம் விளக்குகிறது.

இருண்ட அரங்கும் ஒளிர்ந்த திரையும்

2020ஆம் ஆண்டு மார்ச் 12 அன்று நியூயார்க் நகரின் மெட்ரோபாலிட்டன் ஓபரா அரங்கம் தன் கதவுகளை மூடியது. கொரோனா பெருந்தொற்று பரவிய காலம் அது. ஏறத்தாழ 3,800 பேர் அமரக்கூடிய அவ்வரங்கு ஒரே நாளில் வெறுமையானது. நான்கு நாள் கழித்து, மார்ச் 16 அன்று, அதே நிறுவனம் வேறொரு கதவைத் திறந்தது. முன்னரே படம்பிடித்து வைத்திருந்த 'கார்மென்' என்னும் ஓபராவை இணையத்தில் கட்டணமின்றி ஒளிபரப்பியது. அன்று தொடங்கி இரவுக்கு ஒன்றாக வெவ்வேறு ஓபராக்கள் ஒளிபரப்பாயின.

ஓபரா என்பது ஐரோப்பிய இசைநாடகம். பாத்திரங்களின் உரையாடல் பெரும்பாலும் பாட்டாகவே அமையும். பெரிய இசைக்குழு ஒன்று மேடைக்கு முன்னுள்ள பள்ளத்தில் அமர்ந்து உடன் இசைக்கும். 1600ஆம் ஆண்டையொட்டி இத்தாலியில் தோன்றிய இக்கலை, நெடுங்காலம் அரசவைகளையும் பெருநகரங்களையும் சார்ந்தே வளர்ந்தது. அதனைக் காண விரும்புவோர் அந்நகரங்களுக்குச் செல்ல வேண்டும். நுழைவுச்சீட்டுக்கு உரிய பணமும் வேண்டும்.

அடுத்த மாதம் இலண்டனின் தேசிய நாடக அரங்கமும் தன் நாடகப் பதிவுகளை வியாழக்கிழமைதோறும் யூடியூபில் வெளியிடத் தொடங்கியது. முதலில் வந்தது 'ஒன் மேன், டூ கவ்னர்ஸ்' என்னும் நகைச்சுவை நாடகம். 18ஆம் நூற்றாண்டின் இத்தாலிய நாடக ஆசிரியர் கோல்டோனியின் படைப்பைத் தழுவியது அது. சில மாதங்களுக்குள் இப்பதிவுகள் ஏறக்குறைய ஒன்றரைக் கோடி முறை காணப்பட்டன. சென்னையின் மார்கழி இசைவிழாவும் அவ்வாண்டு பெரும்பாலும் இணையவழியே நடைபெற்றது.

அரங்கின் படிகளை ஒருநாளும் மிதித்திராதவர்கள் தம் வீட்டில் அமர்ந்தபடி இக்கலைகளைக் கண்டனர். அவர்கள் கண்டது நாடகத்தையா, நாடகத்தின் நிழலையா? இவ்வினா பெருந்தொற்றுக் காலத்தில் பிறந்ததன்று. அதற்கு ஒரு நூற்றாண்டுக்கும் மேற்பட்ட வரலாறு உண்டு.

நெடுநாள் வேட்கை

1881ஆம் ஆண்டு பாரிசில் நடந்த பன்னாட்டு மின்பொருட்காட்சியில் கிளேமான் ஆதேர் என்னும் பொறியாளர் புதுமை ஒன்றைக் காட்டினார். பாரிசு ஓபரா அரங்கின் மேடை விளிம்பில் ஒலிவாங்கிகளை வைத்து, அங்குப் பாடப்பட்டதைத் தொலைபேசிக் கம்பி வழியாகப் பொருட்காட்சிக் கூடத்திற்குக் கொண்டுவந்தார். காதுக்கு ஒன்றாக இரண்டு ஒலிப்பான்களைப் பிடித்துக் கேட்டவர்களுக்குப் பாடகர் மேடையில் இடமும் வலமுமாக நடப்பதும் புலப்பட்டது. 'தியாட்ரோபோன்' எனப்பட்ட இவ்வமைப்பு 1890 முதல் கட்டணச் சேவையாக இயங்கியது. நோயினால் வீட்டிலேயே பெரும்பொழுதைக் கழித்த எழுத்தாளர் மார்செல் புரூஸ்ட் 1911இல் அதன் சந்தாதாரராகி, படுக்கையில் இருந்தவாறே ஓபராக்களைக் கேட்டார். அரங்கிற்குச் செல்ல இயலாதவரிடம் அரங்கே செல்ல வேண்டும் என்னும் எண்ணம் அன்றே செயல்வடிவம் பெற்றுவிட்டது.

வானொலி வந்தபின் அவ்வழி மேலும் அகன்றது. மெட்ரோபாலிட்டன் ஓபராவின் முறையான வானொலி ஒலிபரப்பு 1931ஆம் ஆண்டு கிறிஸ்துமஸ் நாளில் தொடங்கியது. 1977இல் அந்நிறுவனம் தன் தொலைக்காட்சி நேரலைத் தொடரைத் தொடங்கியது. 2006 டிசம்பர் 30 அன்று மோட்சார்ட்டின் 'மந்திரக் குழல்' உயர்தெளிவுக் காட்சியாகத் திரையரங்குகளுக்கு நேரலையில் அனுப்பப்பட்டது. இத்திட்டம் பின்னர் 70 நாடுகளுக்கும் மேல் பரவியது. இலண்டன் தேசிய நாடக அரங்கம் 2009 ஜூன் மாதத்தில் 'ஃபேட்ர்' நாடகத்தைத் திரையரங்குகளில் நேரலையாகக் காட்டியது. அந்நாடகம் நிகழ்ந்த அரங்கில் இருந்தவை 900க்கும் குறைவான இருக்கைகளே. ஆயினும் பல நாடுகளில் இருந்தோர் அதைக் கண்டனர். 2020இல் நிகழ்ந்தது, இந்நெடும் பயணத்தில் அரங்கு வீட்டிற்குள் வந்த கட்டமாகும்.

குரலும் கருவியும்

மேடைக்கலை திரைக்கு வரும்போது நேரும் மாற்றங்களுள் முதலாவது ஒலியைச் சார்ந்தது. ஓபராப் பாடகர் ஒலிவாங்கி இல்லாமல் பாடுகிறார். பல பத்து இசைக்கருவிகள் ஒருங்கே முழங்க, அவற்றை ஊடுருவிக் கடைசி இருக்கைவரை அவர் குரல் எட்ட வேண்டும். இதற்கு வெறும் உரத்த குரல் போதாது. இசைக்குழுவின் ஒலியாற்றல் 500 ஹெர்ட்ஸ் அதிர்வெண்ணை ஒட்டி மிகுந்திருக்கும். மேலே செல்லச்செல்லக் குறையும். பயிற்சி பெற்ற பாடகர் தொண்டையின் அமைப்பை மாற்றி, 3,000 ஹெர்ட்ஸை ஒட்டிய பகுதியில் தம் குரலின் ஆற்றலைத் திரட்டிக்கொள்கிறார். இசைக்குழுவின் ஒலி மெலிந்திருக்கும் அவ்விடைவெளி வழியே குரல் வெளிப்படுகிறது. பல ஆண்டுப் பயிற்சியின் பயன் இது.

திரையில் இத்திறன் எளிதில் விளங்குவதில்லை. பதிவின்போது பாடகர்க்கு அருகில் மேடையில் ஒலிவாங்கிகள் வைக்கப்படுகின்றன. ஒலிப்பொறியாளர் குரலையும் கருவியிசையையும் வேண்டிய அளவில் கலக்கிறார். அதனால் சிறிய குரலும் பெரிய குரலும் ஏறத்தாழ ஒன்றுபோல் கேட்கக்கூடும். அரங்கில் மெல்லிய முணுமுணுப்புக்கும் பேரொலிக்கும் இடையே உள்ள தொலைவு மிகப் பெரிது. திறன்பேசியின் சிறு ஒலிபெருக்கி அத்தொலைவைச் சுருக்கிவிடுகிறது. உடலின் மீது வந்து மோதும் ஒலி, காதில் மட்டும் விழும் ஒலியாகிறது.

யாருடைய கண்?

இரண்டாவது மாற்றம் பார்வையைச் சார்ந்தது. அரங்கில் அமர்ந்திருப்பவர் மேடை முழுவதையும் காண்கிறார். அரசன் பேசும்போது அரசனைப் பார்க்கலாம். மூலையில் நின்று அப்பேச்சைக் கேட்கும் பணிப்பெண்ணின் முகத்தையும் பார்க்கலாம். எதைப் பார்ப்பது என்பதை முடிவு செய்பவர் அவரே. திரையில் அவ்வுரிமை காட்சி இயக்குநரின் கைக்குச் செல்கிறது. மெட்ரோபாலிட்டன் ஓபராவின் நேரலைக்குப் பத்துக்கும் மேற்பட்ட படக்கருவிகள் பயன்படுகின்றன. அவற்றுள் சில, பார்வையாளர் கண்ணில் படாமல் மேடை விளிம்பை ஒட்டித் தாமே நகர்பவை. இயக்குநர் எல்லாப் படங்களையும் ஒருங்கே நோக்கியபடி, எக்கணத்தில் எப்படத்தை அனுப்புவது என்று ஆணையிடுகிறார். இசைக்குறிப்பை முன்கூட்டியே பயின்றிருந்தால் மட்டுமே அவர் உரிய நேரத்தில் உரிய முகத்தைக் காட்ட முடியும்.

இம்மாற்றத்தால் இழப்பு மட்டும் நேர்வதில்லை. மேல்மாடத்தின் கடைசி வரிசையில் இருப்பவர்க்கு ஒருநாளும் தெரியாத கண்ணீர்த்துளி அண்மைக் காட்சியில் தெரிகிறது. அதே வேளையில், தொலைவிலிருந்து காண்பதற்கென்று தீட்டப்பட்ட ஒப்பனையும், கடைசி வரிசைக்கும் எட்டும்படி விரித்துக் காட்டிய கையசைவும் அண்மையில் மிகையாகத் தோன்றுகின்றன. ஆகவே இன்றைய நடிகர் இருவகைப் பார்வையாளரையும் மனத்திற்கொண்டு நடிக்க வேண்டியுள்ளது.

பதிவு செய்தல் என்பது இருப்பதை அப்படியே படியெடுப்பதன்று; அதுவும் ஒரு விளக்கவுரையே. இதற்கு 2011இல் இலண்டன் தேசிய நாடக அரங்கில் நிகழ்ந்த 'பிராங்கன்ஸ்டைன்' நல்ல சான்று. டேனி பாயில் இயக்கிய அந்நாடகத்தில், உயிரைப் படைக்கும் அறிவியலாளராகவும் அவர் படைத்த உயிராகவும் பெனடிக்ட் கம்பர்பேட்ச், ஜானி லீ மில்லர் ஆகிய இருவரும் முறைமாற்றி நடித்தனர். இரண்டு அமைப்புகளும் தனித்தனியே படமாக்கப்பட்டு, 2020இல் இணையத்திலும் அடுத்தடுத்து வெளியாயின. அரங்கிற்கு ஒருமுறை மட்டும் சென்றவர் ஓர் அமைப்பையே கண்டிருப்பார். இணையத்தில் இரண்டையும் கண்டவர்க்கு, ஒரே சொல் இருவர் வாயில் எவ்வாறு வேறுபடுகிறது என்று ஒப்பிடும் வாய்ப்புக் கிடைத்தது. அரங்கு தர இயலாத ஒன்றைப் பதிவு தந்தது.

தெரிந்து தெளிவோம்

ஜப்பானின் கபுகி நாடகக் கலைஞர் ஒன்பதாம் இச்சிகாவா தஞ்சூரோ திரைப்படக் கருவியை விரும்பாதவர். வருங்காலத்தினர்க்குச் சான்றாக இருக்கட்டும் என்று இசைந்து, 1899இல் 'மோமிஜிகாரி' என்னும் நடன நாடகத்தின் பகுதியை ஆடினார். படப்பிடிப்பு திறந்தவெளியில் நடந்தது. ஆட்டத்தின் நடுவே காற்று அவர் கையிலிருந்த விசிறியைப் பறித்துச் சென்றது. மீண்டும் ஆடிப் படம்பிடிக்கவில்லை. அக்காட்சி அப்படியே பதிவில் நிலைத்துவிட்டது. தஞ்சூரோ 1903இல் மறைந்தார். அப்படச்சுருளை ஜப்பான் அரசு 2009இல் முதன்மைப் பண்பாட்டுச் சொத்தாக அறிவித்தது. அந்நாட்டில் இத்தகுதியைப் பெற்ற முதல் திரைப்படம் அதுவே.

கால்களைக் காட்டாத நடனம்

நடனத்தைப் படம்பிடிப்பது மேலும் கடினம். நாடகத்தில் முகத்தை மட்டும் காட்டினாலும் பொருள் ஓரளவு விளங்கும். நடனத்தில் முகத்தைக் காட்டும்போது கால்கள் மறைகின்றன. ஒருவரைக் காட்டும்போது குழு மறைகிறது. அமெரிக்கத் திரைப்பட நடனக் கலைஞர் பிரெட் அஸ்டயர், தாம் ஆடும்போது தலைமுதல் பாதம்வரை முழு உடலும் சட்டகத்திற்குள் இருக்க வேண்டும், இயன்றவரை வெட்டாமல் தொடர்ந்து எடுக்க வேண்டும் என்று வற்புறுத்தினார்.

'லா பயதேர்' என்னும் பாலே நடனம் இதனை நன்கு விளக்கும். மாரியஸ் பெத்திபா அமைத்த இது, 1877இல் செயின்ட் பீட்டர்ஸ்பர்க் நகரில் அரங்கேறியது. இந்தியக் கோவில் நடனப்பெண் ஒருத்தியின் கதை அது. அவள் இறந்தபின் காதலன் காணும் கனவில் நிழலுருவங்கள் தோன்றுகின்றன. வெள்ளுடை அணிந்த நடனப்பெண்கள் சரிவான மேடையிலிருந்து ஒருவர்பின் ஒருவராக இறங்குகின்றனர். ஒவ்வொருவரும் ஒரே அசைவைச் செய்து, ஓர் அடி முன்வந்து, மீண்டும் அதையே செய்கின்றனர். இக்காலத்தில் பெரும்பாலும் 24 பேரோ 32 பேரோ இவ்வாறு இறங்கி மேடையை நிறைக்கின்றனர். தனித்து நோக்கினால் அசைவு எளியது. ஒன்று பலவாகப் பெருகுவதிலேயே அழகு பிறக்கிறது. இக்காட்சியில் படக்கருவி ஒருவரின் முகத்தை நெருங்கினால், காண்பவர்க்குக் கிடைப்பது ஒரு முகம். அவர் இழப்பது முழு நடனம். பொறுமையுள்ள இயக்குநர் இங்குக் கருவியைப் பின்னே நிறுத்தி அசையாமல் விட்டுவிடுவார்.

மொழியின் வேலி

இத்தாலியம், ஜெர்மன், பிரெஞ்சு, ரஷ்யன் எனப் பல மொழிகளில் ஓபராக்கள் அமைந்துள்ளன. பாடல் புரியாமையே பலரை அக்கலையிலிருந்து விலக்கி வைத்தது. 1983இல் கனடாவின் டொரான்டோ நகரில் 'எலெக்ட்ரா' ஓபரா நிகழ்ந்தபோது, பாடலின் மொழிபெயர்ப்பு மேடைக்கு மேலே வரிவரியாகக் காட்டப்பட்டது. பின்னர் இவ்வழக்கம் உலகெங்கும் பரவியது. இணையத்தில் இவ்வரிகளைக் காண்பவரே தமக்கு வேண்டிய மொழியில் தெரிவு செய்துகொள்ளலாம். ஐரோப்பிய ஒன்றியத்தின் நிதியுதவியுடன் 2017இல் தொடங்கிய 'ஓபராவிஷன்' தளம், பல நாட்டு அரங்குகளின் படைப்புகளை மொழிபெயர்ப்பு வரிகளுடன் கட்டணமின்றி வழங்குகிறது.

எல்லா ஓபராவும் ஐரோப்பிய மொழியில் அமைந்ததன்று. அமெரிக்க இசையமைப்பாளர் பிலிப் கிளாஸ் இயற்றிய 'சத்தியாகிரகா' 1980இல் நெதர்லாந்தின் ரோட்டர்டாம் நகரில் அரங்கேறியது. தென்னாப்பிரிக்காவில் காந்தியடிகள் நடத்திய அறப்போராட்டமே அதன் கரு. பாடற்சொற்கள் பகவத் கீதையிலிருந்து எடுக்கப்பட்டவை, சமஸ்கிருதத்திலேயே பாடப்படுபவை. இறுதி அங்கம் 1913ஆம் ஆண்டின் நியூகாசில் நடைப்பயணத்தைச் சித்திரிக்கிறது. அப்போராட்டத்தில் சுரங்கத் தொழிலாளர்களாகவும் சிறை சென்ற பெண்களாகவும் தமிழர் பெருந்தொகையினராகப் பங்கேற்றனர். தில்லையாடி வள்ளியம்மை சிறை சென்றதும் அப்போராட்டத்தில்தான். மெட்ரோபாலிட்டன் ஓபரா 2011 நவம்பரில் இப்படைப்பை உலகத் திரையரங்குகளுக்கு நேரலையாக அனுப்பியது. தம் முன்னோர் பங்குபெற்ற ஒரு வரலாற்றை வேற்றுநாட்டுக் கலைஞர் எவ்வாறு உணர்ந்து பாடினர் என்பதைக் கடல் கடவாமலே காணும் வாய்ப்பைப் பதிவு உண்டாக்கியது.

இலவசம் என்னும் சொல்

இத்தனை நன்மைகளுக்கும் விலை கொடுப்பவர் யார்? 2020இல் மெட்ரோபாலிட்டன் ஓபரா நாள்தோறும் பதிவுகளை வழங்கிக்கொண்டிருந்தபோது, அந்நிறுவனத்தின் இசைக்குழுவினரும் குழுப்பாடகர்களும் ஏப்ரல் முதல் ஊதியமின்றி இருந்தனர். நுழைவுச்சீட்டு வருவாய் முற்றிலும் நின்றுபோனதே அதற்குக் காரணம். திரையில் அவர்கள் வாசித்தனர். வீட்டில் அவர்கள் வேலையின்றி இருந்தனர். சிலர் நகரைவிட்டே வெளியேறினர். அரங்கு மீண்டும் திறந்தது 2021 செப்டம்பரில்தான்.

பதிவுகள் பெருகியும் அவற்றால் மட்டும் கலைஞர் வாழ இயலவில்லை என்பதை அக்காலம் உணர்த்தியது. ஒரு நிகழ்ச்சியைப் படமாக்கப் படக்கருவியாளர், ஒலிப்பொறியாளர், படத்தொகுப்பாளர் எனப் பலர் உழைக்கின்றனர். நடிகர், இசைஞர், நாடக ஆசிரியர் ஆகியோர்க்கு உரிமைத்தொகையும் தரவேண்டும். இதனை உணர்ந்து தேசிய நாடக அரங்கம் 2020 டிசம்பரில் கட்டணச் சந்தாத் தளம் ஒன்றைத் தொடங்கியது. கட்டணம் மிகுந்தால் எளியோர் விலகுவர். கட்டணமே இல்லையெனில் கலைஞர் வாடுவர். இவ்விரண்டுக்கும் நடுவே வழி காண்பதே இன்று அரங்குகளின் முன்னுள்ள சிக்கல். உரிமை பெறாமல் களவாகப் படியெடுத்துப் பரப்பப்படும் பதிவுகளோ கலைஞர்க்கு ஒன்றும் தருவதில்லை.

காணும் கலை

அரங்கிற்குச் செல்பவர் தம்மை அறியாமலே சில ஒழுங்குகளை மேற்கொள்கிறார். குறித்த நேரத்தில் செல்கிறார், விளக்கணைந்ததும் அமைதியாகிறார், பிறர் சிரிக்கும்போது உடன் சிரிக்கிறார். இணையத்தில் காண்பவர்க்கு இவ்வொழுங்குகளைத் தரும் அரங்கு இல்லை. நிறுத்தலாம், ஓட்டலாம், நடுவே செய்தி வந்தால் அதைப் படிக்கலாம். மூன்று மணி நேர நாடகத்தை முப்பது துண்டுகளாகக் காண்பவர், நாடகம் மெல்லமெல்லத் திரட்டிவரும் உணர்ச்சியை இழக்கிறார்.

ஆகவே திரையில் காண்பவர் தாமே ஓர் அரங்கை அமைத்துக்கொள்ள வேண்டும். கதைச்சுருக்கத்தை முன்னரே படித்துக்கொள்வது மொழியின் தடையைக் குறைக்கும். நல்ல ஒலிப்பானைக் காதில் பொருத்திக்கொள்வது குரலின் நுட்பத்தை மீட்டுத்தரும். ஓர் அங்கத்தையேனும் இடைநிறுத்தாமல் காண்பது கலைஞரின் கால அளவுக்கு மதிப்பளிப்பதாகும். பலர் கூடிக் காண்பது, தனித்திரை பறித்துக்கொண்ட கூட்டுச்சிரிப்பைத் திருப்பித்தரும். சட்டகத்திற்கு வெளியே இப்போது என்ன நிகழ்கிறது என்று எண்ணிப்பார்ப்பது, இயக்குநரிடம் சென்ற பார்வையுரிமையில் ஒரு பங்கைக் காண்பவர்க்கு மீட்டுக்கொடுக்கும்.

நிலைத்ததும் மறைந்ததும்

1838ஆம் ஆண்டு, புதுச்சேரிக்குத் தெற்கே உள்ள திருவந்திபுரத்தைச் சேர்ந்த கோவில் நடனப்பெண்கள் சிலர், இசைஞர் மூவருடன் கப்பலேறிப் பாரிசுக்குச் சென்று ஆடினர். அவர்களுள் அம்மணி என்பவரின் ஆடலில் உள்ளம் பறிகொடுத்த பிரெஞ்சு எழுத்தாளர் தியோஃபில் கோத்தியே அவரைப் புகழ்ந்து எழுதினார். இருபது ஆண்டுகள் கழித்து அவரே சகுந்தலையின் கதையைப் பாலே நடனமாக எழுத, லூசியன் பெத்திபா அதற்கு நடனம் அமைத்தார். லூசியனின் தம்பியே 'லா பயதேர்' படைத்த மாரியஸ் பெத்திபா.

அம்மணியின் உருவத்தைச் சிற்பி ஒருவர் வெண்கலத்தில் வடித்தார். அச்சிலை இன்றும் உள்ளது. கோத்தியேயின் எழுத்தும் உள்ளது. அவர் ஆடிய ஆட்டம் இல்லை. கை எவ்வாறு சுழன்றது, சதங்கை எவ்விடத்தில் ஓய்ந்தது, கண் எதை நோக்கியது என்று இனி ஒருவரும் அறிய முடியாது. படக்கருவி அன்று இருந்திருந்தால் அதுவும் முழுமையாகத் தந்திருக்காது. யாரோ ஒருவருடைய கண்ணின் வழியே ஒரு பகுதியைத்தான் தந்திருக்கும். ஆயினும் அப்பகுதிக்காக இன்றைய நடனக் கலைஞர் எத்தனை நன்றி பாராட்டுவர்!

பதிவு அரங்கிற்கு மாற்றாகாது. எனினும் அது செல்ல இயலாதவர்க்கு வழி, வரப்போகிறவர்க்குச் சான்று. அரங்கில் கலை உயிரோடு இருக்கும்வரைதான் பதிவதற்கும் ஏதேனும் இருக்கும். ஆகவே திரையில் ஒரு கலையைக் கண்டு மகிழ்ந்தவர்க்கு, அருகிலுள்ள மேடையொன்றில் அக்கலைஞர்களைப் போன்றோர் ஆடும்போது முன்வரிசையில் சென்று அமரும் கடமையும் உண்டு.

கற்பவை கற்றபின்

1. உங்கள் ஊரில் நிகழும் கூத்து அல்லது நாடகம் ஒன்றை நேரில் கண்டு, அதைப் படமாக்கினால் எவ்விடங்களில் அண்மைக் காட்சியும் எவ்விடங்களில் முழுமேடைக் காட்சியும் வைப்பீர்கள் என்பதைக் காரணத்துடன் எழுதுக.

2. 'மேடைநிகழ்வுப் பதிவுகளைக் கட்டணமின்றி வழங்க வேண்டும்' என்னும் பொருளில் சார்ந்தும் மறுத்தும் வகுப்பறையில் உரையாடுக.

3. உங்கள் பகுதியில் வாழும் முதிய கலைஞர் ஒருவரின் இசைவைப் பெற்று, அவருடைய கலையைத் திறன்பேசியில் பதிவு செய்க. பதிவில் அடங்காதவை எவை என்பதை அவரிடமே கேட்டுக் குறிப்பெடுக்க.